ஆயிரத்து அறுபத்து மூன்று நிமிடங்கள்

அன்று காலை இரண்டாம் மாடியில் இருந்தவர்கள்: ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் ஜெயசீலி மேடம், நான்காவது வருடமாக அங்கே ஆராய்ச்சி செய்கிற நூருல்லா, போன ஆனியில் சேர்ந்த எஸ்தர், வெளியூரிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த டாக்டர் தணிகைவேல். நான்கு பேர். கண்ணாடிக் குழாய்கள் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி ஆவுடையம்மாள் இன்னொரு முறை எண்ணினாள். நான்குதான். தன்னைச் சேர்த்தால் ஐந்து. ஆனால் தன்னைச் சேர்த்து எண்ணுவது அவளுக்குப் பழக்கமில்லை. பத்தொன்பது வருடமாக இந்த மாடியில் குழாய் கழுவுகிறாள், ஐஸ் சுரண்டுகிறாள், பெட்டிகளை அடுக்குகிறாள். யாரும் அவளைச் சேர்த்து எண்ணியதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. எண்ணுகிறவள் எண்ணிக்கைக்கு வெளியே நிற்பதுதான் முறை என்று நினைத்திருந்தாள்.

தொட்டிக்கு எதிரே கண்ணாடித் தடுப்பு. அதன் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் நூருல்லா, மைனஸ் எண்பது ஃப்ரீசரிலிருந்து எடுத்த இரண்டு டியூப்புகளை ஐஸ் தட்டில் நட்டு வைத்திருந்தான். சுண்டுவிரல் நுனியளவு டியூப். அதற்குள் உயிரணுக்களிலிருந்து பிரித்த சவ்வு, மிளகளவுக்குக் கலங்கலாக. உதடு காய்ந்திருந்தது அவனுக்கு, பதினைந்தாவது நோன்பு.

"இது எத்தனாவது தடவை உருகுது?" என்று தணிகைவேல் கேட்டார்.

"இதான் முதல் தடவை சார். ஒரு தடவைக்கு மேல உருகவே கூடாது."

"உருகினா?"

"உருகி மறுபடி உறைஞ்சா ஐஸ் ஊசி ஊசியா வளந்து சவ்வைக் கிழிச்சிரும். கொழுப்பு ஒரு பக்கம் ஒதுங்கிரும், ரிசெப்டார் ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். மருந்தைப் பிடிக்காது. அதனாலதான் சார் ஒரு சோதனைக்கு ஒரு டியூப்னு பிரிச்சு வச்சிருக்கேன். ஃப்ரீசர் சார்ட்டைப் பாருங்க, ஒரு நாள்கூடக் கோடு ஏறல."

தணிகைவேல் சார்ட்டைப் பிரித்துப் பார்த்தார். நூல் பிடித்து இழுத்ததுபோல நேராக இருந்தது கோடு. "ஃப்ரீசர் மேல தப்பில்ல" என்றார். நூருல்லாவுக்கு ஆதரவாக அவர் அதைச் சொல்லவில்லை.

ஆவுடையம்மாளின் கையிலிருந்த தூரிகை குழாய்க்குள் பாதியில் நின்றுவிட்டது. நூருல்லா உருகியதை மருந்தோடு கலந்து, டைமரில் தொண்ணூறு நிமிடம் வைத்தான். மணி பத்து இருபத்தைந்து.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மணியடிக்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. போட்ட பிறகுதான் நூருல்லா சொன்னது எங்கே போய் முட்டுகிறது என்று தெரிந்தது. ஒரு தடவைக்கு மேல உருகவே கூடாது. தூரிகையை வெளியே எடுத்தாள், மறுபடி விட்டாள். உருகியதா? உருகவில்லை. காலையில் எண்ண வெளியே எடுத்தால் உருகிவிடுமா என்ன, கல் மாதிரியல்லவா இருக்கும், பெட்டியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும், சேலைத் தலைப்பால்தான் பிடிப்பாள். எட்டு நிமிடம். இன்று காலை ஏழு நாற்பத்தொன்று முதல் ஏழு நாற்பத்தொன்பது வரை. ஒவ்வொரு டியூப்பாக எடுத்து, மூடிமேல் படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைப் படித்து, திரும்ப வைத்து, நாற்பத்தாறு. பிறகு முதலிலிருந்து மறுபடி, நாற்பத்தாறு. கட்டைவிரலால் துடைத்தாள். அவள் விரல் எப்போதும் சூடு. சின்ன வயதில் அம்மா சொல்வாள், உன் கை பட்டால் மோர்கூடப் புளித்துவிடும் என்று. எட்டு நிமிடத்தில் உருகாது. மார்கழியில் ஒரு நாள், ஆமாம், மார்கழியில்தான், ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து மேசைமேல் விழுந்திருந்தது. ஒரு டியூப்பைத் தூக்கி எண்ணைப் பார்க்கத் திருப்பினபோது உள்ளே ஒரு துளி மெதுவாக இடம் மாறியது. கண்ணில் நீர் அசைகிற மாதிரி. அழகாக இருக்கிறதே என்று அதை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தாள். இன்னொரு முறை. சாய்த்துப் பார்த்தாள். கல் இடம் மாறுமா? மாறாது. அப்படியானால் அது கல்லாக இல்லை.

யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் பெட்டியில் எண்பத்தொரு டியூப் இருக்க வேண்டிய இடத்தில் எண்பதுதான் இருந்தது. மேடம் நூருல்லாவிடம், "ஒரு டியூப்புக்குக் கணக்கு இல்லையேப்பா" என்று பொதுவாகச் சொன்னார். மறுநாளே அது பனிக்கட்டிக்கடியில் கிடைத்துவிட்டது, அவர்கள் இருவரும் மறந்தும்விட்டார்கள். ஆவுடையம்மாள் மறக்கவில்லை. ஃப்ரீசர் சாவி அவளிடம்தான், ஐஸ் சுரண்டுகிறவள் அவள்தான். கணக்கு இல்லை என்றால் அந்தச் சொல் யார்மேல் விழும்? நவம்பர் மூன்றாம் தேதி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, எடுத்த நேரம், வைத்த நேரம், எண்ணிக்கை என்று கோடு போட்டாள். மற்றவர்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். அவள் பாளையங்கோட்டை முதல் பஸ்ஸில் வந்து ஏழரைக்கே மாடி ஏறிவிடுவாள். யாருக்கும் தொந்தரவில்லாமல், யார் கண்ணிலும் படாமல். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்போடு. அந்த நினைப்பு இப்போது வாயில் சவர்க்காரம் போன மாதிரி இருந்தது.

கண்ணாடித் தடுப்பின் மேல் மூலையில் கறுப்பு மார்க்கரால் நூருல்லா எழுதி வைத்த எண்கள் இருந்தன. அழிக்காதீங்கக்கா என்று சொல்லியிருந்ததால், அவற்றைச் சுற்றித்தான் தினமும் துடைப்பாள். அக்டோபர் 4,200. நவம்பர் 3,100. டிசம்பர் 2,050. ஜனவரி 900. பிப்ரவரி 410. சவ்விலிருக்கும் ரிசெப்டார் எவ்வளவு மருந்தைப் பிடித்திருக்கிறது என்று எண்ணும் மிஷின் ஒரு நிமிடத்துக்குச் சொன்ன கணக்கு. படி இறங்குகிற மாதிரி ஒன்றன்கீழ் ஒன்று. தினமும் பார்த்தாள், துடைத்தாள், இறங்குவது தெரிந்தது. எதனால் இறங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஜனவரியில் அவன் புதிதாக இருபது டியூப் தயார் செய்தான், அன்றைக்கே ஒன்றைச் சோதித்தபோது 4,050 வந்தது. மீதி பத்தொன்பதை அதே பெட்டியில் வைத்தான். பதினைந்து நாள் கழித்து மேடம் முன்னால் சோதித்தபோது ஆயிரம்கூட வரவில்லை. அங்கேதான் பேச்சு பிறந்தது. தனியாக இருந்தால் வருகிறது, ஆள் பார்த்தால் வரவில்லை. அவள் அந்தப் பத்தொன்பதையும் எண்ணினாள். வேலைக்கு வந்த நாளெல்லாம். இரண்டிரண்டு தடவை.

அவனே ஒருமுறை டீ குடிக்கும்போது அவளுக்கு விளக்கியிருக்கிறான். உயிரணு ஒவ்வொன்றுக்கும் தோல் உண்டு, அது இரண்டு அடுக்குக் கொழுப்பு, ரசத்தின்மேல் எண்ணெய்ப் பொட்டு மிதக்கிற மாதிரி அதில் ரிசெப்டார்கள் மிதக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கதவு; வெளியிலிருந்து சேதி வந்து தட்டினால் கதவு உள்ளே சொல்லும். கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைந்தாலும் கதவு பிடி தளர்ந்துபோகும் என்பதுதான் அவன் கண்டுபிடித்தது. "உங்க வீட்டுல அண்ணாச்சிக்குச் சர்க்கரைன்னு சொன்னீங்கல்லாக்கா, அதும் இந்தக் கதைதான். தட்டுற ஆளு இருக்கான், கதவு கேக்கல" என்றான். அவள் வீட்டுக்காரருக்கு அப்போதே கால் எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல், பாட்டிலிலிருந்து விழும் சொட்டுகளை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். சரியாக விழுகிறதா பாருங்கம்மா என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தது. அறுநூற்று நாற்பத்திரண்டாவது சொட்டில் நர்ஸ் வந்து தோளைத் தொட்டு, அம்மா, ஆளைப் பாக்கலையா என்றது. சொட்டு சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது; அவர் மூச்சு நின்றிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை அவள். எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடையக்கா, ஒரே குழாயை எத்தன தடவ கழுவுவீங்க? பாவம், சளி பிடிச்சிரப் போவுது."

எஸ்தர் பின்னால் வந்து நின்றிருந்தாள். மணி பத்து ஐம்பத்தெட்டு. முப்பத்து மூன்று நிமிடம் போயிருந்தது.

"ஏட்டி, போ அங்கிட்டு."

"ஒரு நா எந் தலைமுடி எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்களேன்க்கா."

வேறு நாளாயிருந்தால், கொட்டினது போக மிச்சம்தானட்டி, அரை நாளில் எண்ணிவிடலாம் என்று சொல்லியிருப்பாள். இன்று அடுத்த குழாயை எடுத்தாள். எஸ்தர் தடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கும் வரலேன்னா நூருல்லாண்ணன் கதை முடிஞ்சிதுக்கா. பத்திரிகையில வந்த கட்டுரையத் திரும்ப வாங்கணும். நம்பரைச் சொந்தமா எழுதிட்டான்னு ரிப்போர்ட்டு போயிரும். அப்புறம் எந்த லேப்புலயும் வாசப்படி மிதிக்க முடியாது. நாலு வருசம்க்கா."

"யாரு சொன்னா எழுதுனான்னு?"

"யாரு சொல்லல? ஃப்ரீசர் சரி, மருந்து சரி, மிஷின் சரி. மிச்சம் யாரு இருக்கா?"

அவள் போய்விட்டாள். மிச்சம் யாரு இருக்கா. ஃப்ரீசர் ஒன்று, மருந்து இரண்டு, மிஷின் மூன்று, நூருல்லா நான்கு. ஐந்தாவதை யாரும் எண்ணவில்லை. எண்ண மாட்டார்கள். அவள் வாய் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நோட்டு டிபன் பைக்குள் இருக்கிறது, மாலையில் வெந்நீர் அடுப்பில் போட்டால் தீர்ந்தது. தீர்ந்தது என்ற சொல்லோடு மூச்சு ஒருமுறை தாராளமாக வந்தது. அந்த மூச்சே அவளைப் பயமுறுத்தியது. அதை அவளுக்குத் தெரியும். அது பதினேழு வயதில் ஒருமுறை வந்த மூச்சு. பீடிக்கடையில் கட்டுக்கு இருபத்தைந்து, ஆயிரத்துக்கு நாற்பது கட்டு; தட்டை வைத்துவிட்டு வரிசையில் நிற்கும்போது பக்கத்துத் தட்டுக்காரி செல்லக்கனியின் கட்டுகளோடு அவளுடையதும் கலந்துவிட்டது. கணக்கர் ஒரு கட்டைப் பிரித்தார், இருபத்துநாலு. இன்னொன்று, இருபத்துநாலு. சுற்றியிருந்த சிவப்பு நூல் ஆவுடையம்மாளுடையது. செல்லக்கனி பச்சை நூல்தான் சுற்றுவாள். கணக்கர் நூலைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். செல்லக்கனியின் வேலைக் கார்டைப் பிடுங்கிக்கொண்டார். செல்லக்கனி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள். ஆவுடையம்மாள் தரையில் கிடந்த இலைத் துண்டுகளை எண்ணினாள். பதினொன்று. அன்றிலிருந்துதான் எதையும் இரண்டு தடவை எண்ணுவது. நேர்மைக்காரி என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் எங்கே முளைத்தது என்று அவளுக்கும் செல்லக்கனிக்கும்தான் தெரியும். செல்லக்கனி செத்து ஆறு வருடம் ஆகிறது.

பதினொன்று இருபது. கையைத் துடைத்துவிட்டு டிபன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று தெரியவில்லை, எரிப்பதற்குமுன் ஒருதரம் கூட்டிப் பார்க்கலாம் என்றுதான் விரல் போயிருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கூட்டல் தப்பாது. தொண்ணூற்றெட்டு நாள். கிறிஸ்துமஸ், புதுவருடம், பொங்கல் மூன்று, குடியரசு தினம், முட்டுவலி என்று இரண்டு நாள் தவிர ஞாயிறு நீங்கலாக எல்லாக் காலையும். முதல் நாள் பதினான்கு நிமிடம். பதினான்கு, பதினான்கு, பதின்மூன்று, பதினான்கு. பக்கம் பக்கமாகக் கூட்டினாள், பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதினாள். ஆயிரத்து அறுபத்து மூன்று நிமிடங்கள். நம்பாமல் கீழிருந்து மேலாகக் கூட்டினாள். ஆயிரத்து அறுபத்து மூன்று. பதினேழு மணி நாற்பத்து மூன்று நிமிடம் அந்தப் பெட்டி வெளியே மேசைமேல் இருந்திருக்கிறது. உள்ளே போய் உறைந்து, காலையில் வந்து உருகி, தொண்ணூற்றெட்டு தடவை. ஒரு மனுசனைத் தினமும் எழுப்பி எழுப்பி, நீ இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டால் எத்தனை நாள் இருப்பான்?

சொன்னால் என்ன ஆகும். கான்ட்ராக்ட் சீட்டு ஆனி வரைதான், அதுவும் கிழியும். அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி, வெளியூர் டாக்டர் முன்னால் நின்று, நடுவாக்கியத்தில் நிறுத்திவிடாமல் பேசி முடிக்க வேண்டும், அதுதான் பெரிதாக இருந்தது. சொன்னாலும் என்ன பயன், பெட்டியில் மீதியிருக்கிற நாற்பத்து நான்கும் செத்ததுதானே. செத்ததைக் கொண்டு எதை நிரூபிப்பார்கள். சாக்குச் சொல்கிறாள் கிழவி, பையன்மேல் பாசம் என்பார்கள். கண் சுற்றி வந்து மூலையில் நின்ற திரவ நைட்ரஜன் கேனில் நின்றது. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். வேலைக்குச் சேர்ந்த வருடம் அதில் நடுவிரல் பட்டு நகம் போனது. அதன்பின் அதை அவள் திறந்ததே இல்லை. கழுத்தில் மேடம் கையெழுத்தில் ஒரு சீட்டு: அக்டோபர் சவ்வு, 14, தொடக் கூடாது. எல்லாம் முடிந்துபோனால் கடைசிக்கு என்று வைத்த கையிருப்பு. ஃப்ரீசர்மேல் சந்தேகமே இல்லாதபோது அதைத் தொட யாருக்கும் காரணம் வரவில்லை. அவள் அந்தப் பதினான்கை எண்ணவில்லை. ஒரு நாளும். அவள் பயந்த ஒரே பெட்டி அது.

டைமர் அடித்தது. அவள் நோட்டை மூடி மார்போடு பிடித்துக்கொண்டாள். நூருல்லா வடிகட்டினான், தட்டை எண்ணும் மிஷினுக்குள் வைத்தான். மிஷின் அவளை மாதிரியே இரண்டு தடவை எண்ணும். முதல் தடவை 322. இரண்டாவது தடவை 318. தணிகைவேல் பேனாவைத் திறந்து எழுதினார். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நூருல்லா திரையைப் பார்க்கவில்லை, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவள்மேல் அவன் பார்வை விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தான்.

தரையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அவளே கழுவித் துடைத்த தரை.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்."

"இப்ப வேண்டாம்க்கா. அப்புறம்."

"அப்புறம்னா சொல்ல மாட்டேன் மேடம்."

தணிகைவேல் திரும்பினார். அவள் நோட்டை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். "தெனமும் காலையில அந்தப் பெட்டிய வெளிய எடுத்து எண்ணுனேன் ஐயா. ரெண்டு ரெண்டு தடவ. இன்னையோட தொண்ணூத்தெட்டு நாளு."

"வெளியன்னா எங்க?"

"இந்த மேச மேல."

"எவ்வளவு நேரம்?"

"மொத நாளு பதினாலு நிமிசம். இன்னைக்கு எட்டு. எல்லாம் எழுதியிருக்கு. கூட்டுனா ஆயிரத்து அறுவத்து மூணு."

"யார் எண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அவர் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியில் எழுதியிருந்த எண்களையும் நோட்டின் தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "உருகினதைப் பாத்தீங்களா?" என்றார். மார்கழித் துளியை அவள் சொன்னாள். சாய்த்துப் பார்த்ததையும் சொன்னாள்.

"நாலு மாசம்க்கா" என்றான் நூருல்லா. "என் கையையே நான் நம்பலக்கா. ராத்திரி படுத்தா, நெசமாவே நாந்தான் எழுதுனேனோன்னு நெனப்பு வந்துரும்." அப்படியே வெளியே போனான். தண்ணீர் மிஷின்மேல் ஒரு கையை வைத்தபடி நடையில் நின்றான். குடிக்கவில்லை, நோன்பு. அவள் பின்னால் போகவில்லை.

மேடம் கேனைப் பார்த்தார். "அக்கா, இதையும் எண்ணினீங்களா?"

"இல்ல மேடம். எனக்கு அதுன்னா பயம்."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

மேடம் சிரித்தாரா, மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. நூருல்லாவைக் கூப்பிட்டார். தணிகைவேல் அவனை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, தடித்த கையுறை மாட்டி, கேனைத் தானே திறந்து ஒரே ஒரு டியூப்பை எடுத்தார். பன்னிரண்டு நாற்பதுக்கு எஸ்தர் டைமரைத் தொண்ணூறில் வைத்தாள். அந்தத் தொண்ணூறு நிமிடமும் தணிகைவேல் அறிக்கை எழுதினார். இருந்தவர்கள் என்று தலைப்புப் போட்டு நான்கு பெயர் எழுதியவர், நிமிர்ந்து, "உங்க முழுப் பேர் என்னம்மா?" என்றார். அவள் சொன்னாள். எழுத்துக்கூட்டி எழுதினார். ஐந்தாவது வரி.

இரண்டு முப்பத்தைந்துக்கு மிஷின் எண்ணியது. 3,946. மறுபடி, 3,951. எஸ்தர் கத்தினாள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நூருல்லா கண்ணாடிக்கு அருகில் போய், பிப்ரவரி எண்ணின்கீழ் மார்க்கரால் அதை எழுதினான். ஆறு கோணலாக விழுந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, "இனிமே எண்ணாதீங்கக்கா" என்றான். "எழுத மட்டும் செய்யுங்க."

அவள் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். புதுப் பக்கம் திருப்பினாள். மைனஸ் எண்பது பெட்டி, நாற்பத்து நான்கு என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். அடுத்த வரியில், நைட்ரஜன் கேன், பதினான்கு, எடுத்தது ஒன்று. மீதம் என்ற இடத்தில் பேனா நின்றது. கேன் இரண்டடி தூரத்தில் இருந்தது. கை ஒருமுறை அதன் பக்கம் போனது, மூடிவரை போனது, சூடான விரல்களை மடக்கித் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, கண்ணால் பார்க்காத எண்ணை எழுதினாள்.

மீதம் பதின்மூன்று.